ஊரே இழந்தால்தான் இழப்பீடு: சம்பா பயிர்க் காப்பீட்டின் கணக்கு

காவிரி டெல்டாவில் சம்பா போடுகிறவர்கள் முன்பெல்லாம் பயந்தது ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான். தை பிறந்துவிட்டால் அறுவடைக்கு ஆளோ மெஷினோ பார்க்கலாம் என்று இருந்தார்கள். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் பெய்த மழை, முற்றி நின்ற கதிரைச் சாய்த்துப் போட்ட பிறகு அந்தத் தெம்பும் போய்விட்டது. விவசாயிகளும் சும்மா இருக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் வருவதற்குக் காத்திராமல் நேரடி விதைப்புக்கு மாறினார்கள். இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 ரகத்தை எடுத்தார்கள். அதையும் மீறி வருகிற நட்டத்துக்குத்தான் பயிர்க் காப்பீடு. பிரீமியம் கட்டுகிறவர்கள் ஏராளம். பணம் எப்போது வரும், எப்போது வராது என்று தெரிந்து கட்டுகிறவர்கள் குறைவு.

2016 காரீஃப் பருவத்தில், அதாவது தென்மேற்குப் பருவமழைக் காலச் சாகுபடியில், தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம்தான் இது. விவசாயியின் பங்கு, காரீஃப் உணவுப் பயிருக்கும் எண்ணெய் வித்துக்கும் காப்பீட்டுத் தொகையில் (முழு இழப்புக்குக் கிடைக்கும் உச்சத் தொகையில்) 2 சதவீதம், ராபி என்னும் குளிர்காலச் சாகுபடிக்கு 1.5, ஓராண்டு வணிகப் பயிருக்கும் தோட்டப் பயிருக்கும் 5. நம் சம்பா ராபிக் கணக்கில் வருகிறது. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் கட்ட வேண்டியது 540 ரூபாய். மிச்சப் பிரீமியம் மத்திய, மாநில அரசுகளின் பொறுப்பு.

சரி, இழப்பீடு எப்படி வருகிறது? இங்கேதான் டீக்கடைச் சண்டைகள் எல்லாம் தொடங்குகின்றன. "என் வயல் முழுக்கப் போச்சு, எனக்கு ஒரு பைசா வரலை, பக்கத்து ஊருக்காரனுக்கு வந்திருக்கு" என்பார்கள். இந்தத் திட்டம் பெரும்பாலும் உங்கள் வயலைப் பார்ப்பதில்லை. அறிவிக்கப்பட்ட வருவாய்க் கிராமத்தையோ, சில கிராமங்கள் சேர்ந்த பிர்காவையோதான் ஒரே அலகாகப் பார்க்கிறது.

அந்த அலகின் கடந்த ஏழு ஆண்டு மகசூலில் நல்ல ஐந்தை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். அது ஏக்கருக்கு 2,500 கிலோ என்போம். மாவட்டத்தின் ஆபத்து அளவுக்குத் தக்கபடி அதில் 70, 80 அல்லது 90 சதவீதம்தான் உத்தரவாத மகசூல். 80 என்றால் 2,000 கிலோ. இந்த ஆண்டு ஊர்ச் சராசரி 1,500 கிலோ வந்தால், குறைவு 500 கிலோ, அதாவது 2,000-இல் கால் பங்கு. 36,000-இல் கால் பங்கு, ஏக்கருக்கு 9,000 ரூபாய், காப்பீடு செய்த எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் போகும். ஊர்ச் சராசரி 2,050 கிலோவாக இருந்துவிட்டால் யாருக்கும் எதுவும் கிடையாது.

இந்தக் கணக்கில் எனக்கு ஒரு குறை உண்டு. ஏழில் இரண்டு மோசமான ஆண்டுகளைக் கழித்துவிடுவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூன்றாவது, நான்காவது மோசமான ஆண்டும் வந்துவிட்டால் சராசரியே இறங்கிவிடும், உத்தரவாதமும் கூடவே இறங்கும். பருவம் கெட்டுப்போகப் போக, அடிக்கடி அடிபடும் ஊருக்குத்தான் பாதுகாப்பு மெலிகிறது.

ஊர் மகசூலைக் கண்டுபிடிப்பது பயிர் அறுவடைப் பரிசோதனை வழியாக. குலுக்கல் முறையில் வயல்களைத் தேர்ந்து, நெல் என்றால் ஐந்துக்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அந்தச் சின்னச் சதுரம்தான் ஊரின் தலையெழுத்து. நடக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்து, நாலு பேர் போய் நில்லுங்கள். 2023 காரீஃபிலிருந்து நெல்லுக்கும் கோதுமைக்கும் செயற்கைக்கோள் வழி மதிப்பீட்டுக்கும் 30 சதவீத இடம் கொடுத்திருக்கிறார்கள்.

மகசூல் கணக்குக்குக் காத்திராத வழிகளும் உண்டு. அலகின் பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் விதைக்கவே முடியாமலோ முளைக்காமலோ போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கொடுத்து பாலிசியை முடித்துவிடுவார்கள். அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் புயல் மழையில், பருவம் தவறிய மழையில் கெட்டால் 14 நாள் வரை பாதுகாப்பு உண்டு. மெஷின் அறுத்துத் தள்ளி, கொள்முதல் நிலைய வாசலில் குவித்து வைத்த நெல் நனைந்தால் இந்தப் பிரிவில் வராது. இன்றைக்கு டெல்டாவில் நனைவது பெரும்பாலும் அந்த நெல்தான் என்பது வேறு விஷயம்.

பதிவுக்கு ஆதார், வங்கிப் பாஸ்புக், சிட்டா (நில உரிமைப் பதிவு), கிராம நிர்வாக அலுவலர் தரும் நடப்புப் பசலி (வருவாய் ஆண்டு) அடங்கல் என்னும் பயிர்ப் பதிவேட்டு நகல் அல்லது விதைப்புச் சான்று வேண்டும். குத்தகைக்காரரும் சேரலாம். அடங்கலில் என்ன பயிர், எந்த சர்வே எண் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். அங்கே தப்பு இருந்தால் பின்னால் அழுது பயனில்லை. பொதுச் சேவை மையத்தில் பதிவுக்கென்று தனிக் கட்டணம் கொடுக்கத் தேவையில்லை. பயிர்க் கடன் வாங்கியவருக்கும் 2020 முதல் இந்தக் காப்பீடு கட்டாயமில்லை. வேண்டாம் என்றால் கடைசி நாளுக்கு ஏழு நாள் முன்பே வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். சில ஆண்டுகளில் தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்பதற்காக அதை நம்பி உட்கார வேண்டாம்.

அப்புறம், இதையும் வெள்ள நிவாரணத்தையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று வருவாய்த்துறையும் வேளாண்துறையும் கணக்கெடுத்து அரசு தருவது நிவாரணம். 2023 பிப்ரவரி மழைக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தார்களே, அதுதான். பிரீமியம் கட்டாதவருக்கும் அது உண்டு.

முக்கியமான மாற்றம் ஒன்று இப்போது வருகிறது. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு போன்றவற்றில் தனி வயலுக்கே இழப்பீடு கேட்கலாம். நெல் மூழ்குவதை மட்டும் 2018-இல் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் வடிகால் ஓரத்துப் பள்ள வயல்காரர் ஊர்ச் சராசரியை நம்பியே கிடந்தார். 2026 காரீஃப் முதல் நெல் மூழ்குவதும் மறுபடி சேரும், காட்டு விலங்குச் சேதமும் கூடுதல் பாதுகாப்பாக வரும் என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. இப்படித் தனி வயலுக்குக் கேட்பவர் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். பயிர்க் காப்பீட்டுச் செயலியில், இடக்குறியோடு (எடுத்த இடம் பதிவாகும்படி) படம் எடுத்து ஏற்ற வேண்டும். கரண்டும் டவரும் இல்லாத நேரத்தில் இது பெரிய சோதனை. செயலியை இப்போதே இறக்கி வைத்து, பாலிசி எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, 14447 என்ற உதவி எண்ணை வீட்டில் இருக்கும் எல்லாருடைய போனிலும் பதிந்து வையுங்கள்.