ஆற்றங்கரையில் அனல்மின் நிலையமா? கருத்துக்கேட்புக் கூட்டத்தில் உங்களுக்குள்ள உரிமை

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் கழிமுகத்தில், கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மீன் போடும் கூடையான பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் நகரும் அவர்களின் விரல்களில் இப்போது சேற்றோடு நிலக்கரிச் சாம்பலும் அப்புகிறது. வடசென்னை அனல்மின் நிலையம் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியே செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறது. குழாய் கசிந்தபோதெல்லாம் அது ஆற்றில் இறங்கிப் படிந்தது. ஆழம் குறைந்தது, மீனும் குறைந்தது.

இப்படி ஓர் ஆலை வருவதற்கு முன்பே ஊரார் பேசுவதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மத்திய அரசு 2006 செப்டம்பர் 14 அன்று வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய அனல்மின் நிலையம் போன்ற திட்டங்களுக்கு அனுமதி தருமுன் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். ஆற்றை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான நாள் வேறில்லை.

கூட்டத்தை நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் கொடுத்து, குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அந்த 30 நாளும் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையைப் படிக்கத்தான். மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் ஆகியவற்றில் அது இருக்கும். சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் உடனே எழுத்தில் கேளுங்கள். அறிக்கையில் உங்கள் ஆற்றின் பெயரைத் தேடிப் பாருங்கள். நீங்கள் வலை வீசும் இடம் அதில் மீன்பிடிப் பகுதியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா? விடுபட்டிருந்தால் உங்கள் முதல் ஆட்சேபம் அதுதான்.

கூட்டத்துக்கு ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நிர்வாக நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை ஏற்பார். வந்தவர் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்க வாய்ப்புத் தர வேண்டும். முழுக் கூட்டத்தையும் வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் பேசப்பட்டவற்றின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, அன்றே கையெழுத்திட வேண்டும். பெரும்பாலோர் பேசி முடித்ததும் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து கிளம்பாதீர்கள். உங்கள் பேச்சு குறிப்பில் ஏறியதா என்று தெரிவது அந்தக் கடைசிக் கால்மணி நேரத்தில்தான்.

இது வாக்கெடுப்பு அல்ல. ஆயிரம் பேர் எதிர்த்தாலும் திட்டம் தானாக நின்றுவிடாது. ஆனால் எழுப்பிய ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். அனுமதி தரலாமா என்று பரிந்துரைக்கும் நிபுணர் குழு அதைப் பரிசீலிக்க வேண்டும். அதனால் பேசுவதோடு எழுத்திலும் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள்.

எல்லாத் திட்டத்துக்கும் இந்தக் கூட்டம் கிடையாது என்பது வருத்தமான செய்தி. 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகள், அறிவிக்கையில் தாக்கம் குறைந்தவையாகக் கருதப்படும் திட்டங்களுக்கான பி2 பிரிவுக்கு மாற்றப்பட்டன. அந்தப் பிரிவுக்குக் கருத்துக்கேட்பு தேவையில்லை. இது மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட உரிமை என்றே நான் கருதுகிறேன்.

அனுமதி வழங்கப்பட்டுவிட்டால், ஆணை தெரியவந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாட்கள் வரை ஏற்பார்கள். அதற்கு மேல் கிடையாது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

ஆலை ஏற்கெனவே இயங்கி ஆற்றைக் கெடுத்துக்கொண்டிருந்தாலும் அதே தீர்ப்பாயத்தை அணுகலாம்: வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள்; இழப்பீடும் சூழல் மீட்பும் கோரினால் 5 ஆண்டுக்குள். எண்ணூர் மீனவர் தரப்பு தொடுத்த வழக்கில், சாம்பலை அகற்றி அந்தச் சூழலை மீட்கும்படி தென்மண்டல அமர்வு 2022-இல் உத்தரவிட்டது. காலக்கெடு நாள் கணக்கில் ஓடுவதால், கசிவைக் கண்ட அன்றே தேதி தெரியும்படி படம் எடுத்து, வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.