சீப்புக்கொம்பு நெடுங்கால் ஈ

டெனோஃபோரா பெக்டினிகார்னிஸ் என்பது ஐரோப்பாவின் பழைய இலையுதிர் காடுகளில் வாழும், ஏறக்குறைய 2 செ.மீ. நீளமுள்ள ஓர் ஈயினத்தின் அறிவியற்பெயர். 1758-இல் சுவீடிய இயற்கையியலாளர் லின்னேயஸ் இதை டிபுலா என்னும் பேரினத்தில் வைத்தார். இலத்தீனில் அச்சொல் நீரின் மேற்பரப்பில் ஓடும் மிக இலேசான பூச்சியைக் குறித்தது. அவரோ அதை நீண்ட கால்களையுடைய ஈக்களுக்கு எடுத்தாண்டார். பின்னர் 1803-இல் ஜெர்மானியப் பூச்சியியலாளரான மைகன் நிறுவிய டெனோஃபோரா என்னும் புதிய பேரினத்தில் இவ்வினம் சேர்ந்தது.

டெனோஃபோரா கிரேக்கச் சொல். சீப்பைத் தாங்கியது என்று பொருள். பெக்டினிகார்னிஸ் இலத்தீன், சீப்புப் போன்ற கொம்புடையது என்று பொருள். ஆக, இரு மொழிகளிலும் ஒரே செய்திதான் கூறப்படுகிறது. அந்தச் சீப்போ ஆணின் உணர்கொம்புகளில் மட்டுமே உண்டு; பெண்ணின் உணர்கொம்புகள் எளிமையானவை. கடலில் வாழும் சீப்பு ஜெல்லிகளின் தொகுதிக்கும் இதே பேரினப் பெயர் வழங்குவதால், தேடுவோர் குழம்ப இடமுண்டு.

பெயரில் இடம்பெறாத வாழிடமே இவ்வினத்தின் பரவலைத் தீர்மானிக்கிறது. இதன் புழுக்கள் பீச் முதலிய இலையுதிர் மரங்களின் இற்றுப்போன கட்டைக்குள் வளர்வதால், பட்ட மரங்களும் பொந்து விழுந்த முதுமரங்களும் அப்புறப்படுத்தப்படாத காடுகளில்தான் இது நிலைக்கிறது. அதனால் ஐரோப்பாவில் பரந்து காணப்பட்டாலும், பிரிட்டன் போன்ற நாடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே பதிவாகியிருக்கிறது. வளர்ந்த ஈக்கள் வேனிலின் தொடக்கத்தில் பறக்கின்றன. மஞ்சளும் கருப்பும் கலந்த உடலால் இவை குளவியை ஒத்துத் தோன்றினாலும், பெண்ணின் கூரிய வால்முனை கொடுக்கன்று. மரத்துள் முட்டையிடும் உறுப்பு.

தமிழில் எப்படி வழங்கலாம்? இந்த ஈ சேர்ந்த குடும்பத்தின் ஆங்கிலப் பெயரான ‘கிரேன் ஃப்ளை’ நீண்ட கால்களையுடைய பறவையொன்றை முன்னிட்டு எழுந்தது. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘கொக்கு ஈ’ என்றால், கொக்கை உண்ணும் ஈ என்றோ கொக்கின்மேல் ஒட்டும் ஈ என்றோ பொருள்கொள்ள நேரும். ‘பெருங்கொசு’ என்பது அதனினும் பிழை. இவை குருதி உறிஞ்சுவதில்லை. கால்களின் நீளத்தையே சொல்லும் ‘நெடுங்கால் ஈ’ குடும்பத்துக்குப் பொருந்தும். இலத்தீனின் ‘கொம்பு’ தமிழின் ‘உணர்கொம்பு’ என்பதோடு இயல்பாகவே இணைவதால், இவ்வினத்தைச் ‘சீப்புக்கொம்பு நெடுங்கால் ஈ’ எனலாம். ஒரு சீப்பே போதும்.