தரை நிரவு காற்றுவாய்: சொல் விளக்கம்

தரைக்கு அடியில் ஓடும் தகரக் குழாய்கள் வழியாகச் சூடான காற்றையோ குளிர்ந்த காற்றையோ அறைகளுக்கு அனுப்பும் அமைப்புகளில், அந்தக் காற்று அறைக்குள் வந்து சேரும் திறப்பு பெரும்பாலும் தரையிலேயே இருக்கும். வட அமெரிக்க வீடுகளில் இது மிகப் பரவலான ஏற்பாடு. அந்தத் திறப்பின் மேல் பொருத்தப்படும் சட்டத்தின் முகமும் சுற்றியுள்ள மரப்பலகை அல்லது டைல்ஸின் முகமும் ஒரே மட்டத்தில் நின்று, விளிம்பு எதுவும் மேலே துருத்தாமல், தரையோடு தரையாகத் தோன்றுமானால், அதனை ஆங்கிலத்தில் ‘பிளஷ் மவுண்ட் ஃப்ளோர் வென்ட்’ என்று அழைக்கிறார்கள். இந்தத் தொடரைத் தமிழில் ‘தரையில் பதித்த துவாரம்’ என்றும் ‘பதிக்கப்பட்ட காற்றுத் துளை’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் பொருளைத் தவறவிடுகின்றன. தரையில் பதிக்கப்படுவது எல்லாத் தரைத் திறப்புகளுக்கும் பொதுவானது. இந்த ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் மட்டம். ஆகவே அதற்கான தமிழ்ப் பெயரும் மட்டத்தைச் சொல்ல வேண்டும். ‘தரை நிரவு காற்றுவாய்’ என்பது அதற்கு ஏற்ற பெயர் என்று கருதுகிறேன்.

முதலில் ‘வென்ட்’. இலத்தீனில் ‘வென்டுஸ்’ என்றால் காற்று. அதிலிருந்து பழைய பிரெஞ்சு மொழியில் ‘காற்றை வெளிவிடு’ என்ற பொருளுடைய ஒரு வினைச்சொல் பிறந்து, அதன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது இச்சொல். கோட்டின் பின்பக்கத்தில் தையற்காரர் விடும் கீறலுக்கும் ஆங்கிலத்தில் ‘வென்ட்’ என்றே பெயர். ஆனால் அது ‘பிளத்தல்’ என்ற பொருளுடைய வேறொரு இலத்தீன் வேரிலிருந்து வந்தது. உருவில் ஒன்றுபோல் ஆகிவிட்ட இந்த இரு சொற்களையும் ஒன்றாக எண்ணுவதால்தான் ‘வென்ட்’ என்றவுடன் துளை, துவாரம், பிளவு என்று மொழிபெயர்க்கத் தோன்றுகிறது. கட்டடத்தில் உள்ள வென்டின் உயிர்ப்பொருள் காற்று. துளை என்பது அந்தக் காற்றுக்கான வழி மட்டுமே. இலத்தீனின் ‘வென்டுஸ்’, ஆங்கிலத்தின் ‘விண்ட்’, வடமொழியின் ‘வாத’ ஆகிய மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. தமிழில் வழங்கும் ‘வாதம்’ அந்த வடமொழிச் சொல்லே என்பதால், அதுவும் ‘வென்ட்’டுக்குத் தொலைவு உறவு ஆகிறது. ஆனால் நம் ‘வாய்’ என்னும் சொல்லுக்கும் ‘வாயு’வுக்கும் ஒலியில்தான் ஒற்றுமை. ‘வாய்’ திராவிட மொழிகளுக்கு உரிய சொல். காற்றுவாய் என்ற சொல்லில் வரும் வாயை ‘வாயு’வின் திரிபு என்று யாரும் விளக்க முற்படக் கூடாது.

காற்று வரும் வழிக்குத் தமிழில் பெயர் இல்லாத காலம் இருந்ததாகத் தெரியவில்லை. ‘கால்’ என்றால் காற்று, ‘அதர்’ என்றால் வழி. இரண்டும் சேர்ந்த ‘காலதர்’ சன்னலைக் குறித்தது. ‘மான்கண் காலதர் மாளிகை இடங்களும்’ என்று சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத்து மாளிகைகளைக் காட்டுகிறது. மானின் கண்போன்ற வடிவில் அமைந்த காற்றுவழிகள் அவை. அதே காப்பியத்தின் மனையறம்படுத்த காதையில் தென்றல் ‘கோலச் சாளரக் குறுங்கண் நுழைந்து’ வருகிறது. சாளரம் என்பது முழுச் சட்டம். குறுங்கண் என்பது அதிலுள்ள ஒவ்வொரு சிறு திறப்பு. முழுமைக்கு ஒரு சொல்லும் உறுப்புக்கு ஒரு சொல்லும் என்ற இந்தப் பாகுபாட்டை நாம் இன்றும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பாலத்திலும் மதகிலும் நீர் போகும் ஒவ்வொரு திறப்பையும் ‘கண்’ என்றே இன்றும் சொல்கிறோம். பொறியாளர்கள் ஆங்கிலத்தில் அதே திறப்பை ‘வென்ட்’ என்று எழுதுகிறார்கள். எனவே காற்று வெளிவரும் முழு அமைப்பைக் காற்றுவாய் என்றும், அதன் முகத்தில் பட்டைகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு இடைவெளியையும் கண் என்றும் வழங்குவது மரபுக்குப் பொருந்தும். ‘காலதர்’ அழகிய சொல்தான். ஆயினும் அது சன்னலுக்கே உரியதாகிவிட்டதாலும், இன்றைய வாசகர் ‘கால்’ என்றவுடன் காற்றை நினைப்பதில்லை என்பதாலும் அதனைத் தரைக்கு இழுத்துவர வேண்டியதில்லை. ‘வாய்’ அப்படியல்ல. வாயில், வாய்க்கால், கணவாய் என்று வழியையும் திறப்பையும் குறிக்கும் அதன் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது.

அடுத்து ‘பிளஷ்’. தமிழ் பேசுவோர் காதில் இச்சொல் முதலில் கழிப்பறையைத்தான் நினைவூட்டும். தச்சர்கள் மட்டும் ‘பிளஷ் டோர்’ என்று இதன் மற்றொரு பொருளை நாள்தோறும் புழங்குகிறார்கள்: மேடு பள்ளம், சட்டப் புடைப்பு எதுவும் இன்றி முகம் முழுதும் ஒரே சமமாக உள்ள கதவு அது. நீர் பாய்தலும் சமமாக இருத்தலும் எப்படி ஒரே சொல்லில் சேர்ந்தன? ஆறு கரை தளும்ப நிறையும்போது நீரின் மட்டமும் கரையின் மட்டமும் ஒன்றாகிவிடுகின்றன. அந்த நிறைவிலிருந்தே ‘ஒரே மட்டமான’ என்ற பொருள் கிளைத்திருக்கலாம் என்பது ஆங்கிலச் சொற்பிறப்பு அறிஞர்களின் கருத்து.

தமிழில் இதற்கு இணையாக ஒரு சொல் தயாராக இருக்கிறது என்பதே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருவது. ‘நிரவு’ என்னும் வினை நிரம்பு, நிரப்பு, நிரை ஆகிய சொற்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. குழியை நிரவுவது என்றால் அதை நிரப்புவதும் சுற்றியுள்ள நிலத்தோடு சமமாக்குவதும் ஆகிய இரண்டும் சேர்ந்த ஒரே செயல். கணக்கில் ஒரு பக்கத்து மிகுதியை மறுபக்கத்துக் குறையில் சேர்த்துச் சமன் செய்வது நிரவல். ஆசிரியர் மிகுந்த பள்ளியிலிருந்து குறைந்த பள்ளிக்கு அனுப்புவது பணி நிரவல். நிறைவும் சமமும் ஒன்றாக இயங்கும் இச்சொல்லுக்கு மாற்றாகச் சிலர் ‘சமமட்ட’, ‘மட்டம் ஒத்த’ என்ற அடைகளைப் பரிந்துரைப்பார்கள். அவை தவறல்ல. ஆனால் அவை இருக்கும் நிலையை மட்டும் சொல்கின்றன. நிரவு என்பது அந்த நிலைக்குக் கொண்டுவரும் வேலையையும் சேர்த்துச் சொல்கிறது. இந்தப் பொருளைப் பொறுத்தவரை அந்த வேலைதான் எல்லாம்.

கடையில் கிடைக்கும் சாதாரணத் தரைக் காற்றுவாயை எடுத்துக்கொள்வோம். அதற்கு நான்கு பக்கமும் ஒரு விளிம்பு உண்டு. தரை வேலை முழுதும் முடிந்த பிறகு அதைத் திறப்புக்குள் இறக்கினால் போதும்; விளிம்பு தரையின் மேல் உட்கார்ந்துகொண்டு, அடியிலுள்ள ஒழுங்கற்ற வெட்டை மறைத்துவிடும். இதற்கு ‘விளிம்புக் காற்றுவாய்’ என்பது பொருந்தும். நிரவு காற்றுவாய்க்கு அந்த மறைப்பு கிடையாது. விளிம்பு இல்லாததால் பலகையை வெட்டியவர் கை எங்கே சற்று விலகியதோ அது கண்ணுக்கு அப்படியே தெரியும். ஆகவே அது தரை போட்டு முடிந்த பின் நினைத்துப் பார்க்கும் பொருளாக இல்லாமல், தரை போடும்போதே பலகைகளுள் ஒன்றாக வரிசையில் சேர்க்கப்படும் பொருளாக இருக்கிறது.

மரத்தரைக்கான நிரவு காற்றுவாயில் இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று, தரையோடு நிலையாகச் சேர்ந்துவிடும் மரச் சட்டகம். மற்றொன்று, அதனுள் இறங்கி உட்காரும், வேண்டும்போது தூக்கி எடுக்கக் கூடிய கண்தட்டு. சட்டகத்தின் உட்புறத்தில் படிபோல வெட்டப்பட்ட காடியில் கண்தட்டு அமர்கிறது. சட்டகத்தின் கனம் தரைப்பலகையின் கனத்துக்குச் சமமாக இருக்க வேண்டும்: 19 மில்லிமீட்டர் கனமுள்ள முழுமரப் பலகைக்கு அதே கனத்தில் சட்டகம், அதைவிட மெல்லிய அடுக்குமரப் பலகைக்கு அதற்கேற்ற சட்டகம். அளவுகளைப் பற்றி ஒரு குழப்பத்தை இங்கே தெளிவாக்க வேண்டும். ‘4-க்கு 10 அங்குலம்’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் அது பொதுவாக அடியிலுள்ள குழாய்த் திறப்பின் அளவு. சட்டகத்தின் வெளி அளவு அதைவிடப் பெரியது, தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுவது. கையில் உள்ள சட்டகத்தை வைத்து அளந்த பிறகே பலகையை வெட்ட வேண்டும்.

வேலையின் ஒழுங்கு அடியிலிருந்து தொடங்குகிறது. குழாயின் முனையில் உள்ள தகரப் பெட்டியின் வாய், தரைப்பலகைகளைத் தாங்கும் அடித்தரைப் பலகையைத் தாண்டி மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது; நீட்டினால் சட்டகம் அதன் மேல் ஏறி நிற்கும், பிறகு எவ்வளவு இழைத்தாலும் மட்டம் வராது. பெட்டிக்கும் அடித்தரைக்கும் இடையிலுள்ள இடைவெளியை அதற்குரிய பசையாலோ உலோகத் தாள் ஒட்டுப்பட்டையாலோ அடைக்க வேண்டும்; இல்லையேல் அறைக்கு வர வேண்டிய காற்று தரைக்கு அடியிலேயே கசிந்து வீணாகும். அதன் பிறகு, பசை தடவாமல், சட்டகத்தை வெறுமனே வைத்துப் பலகை வரிசை அதை எந்த இடத்தில் சந்திக்கிறது என்று பார்க்க வேண்டும். சட்டகத்தின் நீண்ட பக்கம் பலகைகளின் போக்கோடு ஒத்துப்போகும்போது கண் அதைத் தனிப்பொருளாகப் பிரித்தறிவதில்லை. குறுக்கே கிடந்தால் மரவரி உடைந்து தெரியும். ஆனால் தகரப் பெட்டி எந்தப் பக்கமாக வைக்கப்பட்டிருக்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் சட்டகமும் நிற்க முடியும் என்பதால், இந்த முடிவை உண்மையில் குழாய் போடுபவரே எடுத்துவிடுகிறார். தரை எந்தத் திசையில் ஓடப்போகிறது என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

சட்டகம் நிலைபெற்ற பின், மட்டப்பலகையை அதன் குறுக்கே வைத்து, அடியில் ஒளி தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ரசமட்டம் இங்கே போதாது. தரையே சிறிது சாய்ந்திருந்தால் காற்றுவாயும் அதே அளவு சாய்ந்திருக்க வேண்டும். இங்கே வேண்டப்படுவது பூமிக்குச் சமமான மட்டமன்று, பக்கத்துப் பலகைக்குச் சமமான மட்டம். ‘நிரவு’ என்ற சொல் இந்த நுட்பத்தையும் தாங்கி நிற்கிறது. பிறகு, பூச்சு இல்லாத மரமாக இருந்தால், சட்டகமும் பலகைகளும் ஒன்றாகவே உப்புத்தாளால் தேய்க்கப்பட்டு ஒன்றாகவே வார்னிஷ் பூசப்படும். சட்டகத்தின் மூலையில் இரண்டு பட்டைகள் சேரும் சந்தின் மேல் விரல் நுனியை மெதுவாக ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய ஏற்றத்தையும் தோல் கண்டுகொள்ளும். அந்த இடத்தில் மட்டும் இன்னொரு முறை தேய்ப்பார்கள். கண்தட்டுக்கும் பூச்சு தேவை. ஆனால் அதைத் தனியே எடுத்து வைத்துத்தான் பூச வேண்டும். சட்டகத்துக்குள் இருக்கும்போதே பூசினால் வார்னிஷ் உலர்ந்து இரண்டையும் ஒட்டவைத்துவிடும். தொழிற்சாலையிலேயே பூச்சு முடிந்து வரும் பலகைகளுக்கு இந்த வழி இல்லை. அங்கே அதே மரத்தில், அதே பூச்சில் செய்த சட்டகத்தை வாங்கி, தேய்க்காமலேயே மட்டம் வரும்படி பொருத்த வேண்டியிருக்கும்.

மரம் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். காற்றுவாயின் மரமோ சூடான உலர்ந்த காற்றின் நேர்ப்பாதையில் கிடப்பது. எனவே சட்டகத்தைப் பலகைகளோடு சேர்த்து அதே அறையில் சில நாள் வைத்து, அறையின் ஈரத்துக்குப் பழகவிட்ட பிறகே பொருத்துவார்கள். அடித்தரையோடு ஒட்டாமல் மேலே மிதக்கும் வகைத் தரைகளில் இன்னும் கவனம் வேண்டும். அவை ஒட்டுமொத்தமாக நகர்பவை. சட்டகத்தை அடித்தரையோடும் பலகையோடும் ஒருசேர இறுக்கிவிட்டால், தரை அந்த இடத்தில் கட்டப்பட்டுப் பருவ மாற்றத்தில் புடைத்துக்கொள்ளும். அத்தகைய தரைக்கு, விரிவுக்கான இடைவெளியை மறைத்துக்கொண்டு நிற்கும் விளிம்புக் காற்றுவாயே பல நேரங்களில் பாதுகாப்பானது.

டைல்ஸ் தரைக்கு உலோகச் சட்டகம். டைல்ஸின் கனத்தோடு அடியிலுள்ள பசைச் சாந்தின் கனத்தையும் கூட்டிக்கொண்டு சட்டகத்தின் உயரத்தை வைக்க வேண்டும். சில வகைகளில் கண்தட்டே ஆழமில்லாத ஒரு தட்டாக அமைந்து, அதே டைல்ஸின் ஒரு துண்டைத் தன்னுள் ஏந்திக்கொள்ளும். காற்று அதன் நான்கு ஓரங்களிலும் உள்ள மெல்லிய கண்களின் வழியாக வெளிவரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தோற்றத்துக்காகக் கண்களை மிகவும் குறுக்கினால் காற்றுக்கு வழி குறையும். எல்லாக் கண்களின் பரப்பையும் கூட்டி வருவதைத் ‘திறந்த பரப்பு’ என்கிறோம். அது குழாயின் தேவைக்குக் குறைவாக இருந்தால், அதே அளவு காற்று அதிக வேகத்தில் வெளியேற முயன்று சீறல் ஒலி எழும். அறைக்கு வந்து சேரும் காற்றின் அளவும் குறையும். மரக் கண்தட்டின் பட்டைகள் வலிமைக்காகத் தடிமனாக இருப்பதால், அதே அளவுள்ள உலோகத் தட்டைவிட அதன் திறந்த பரப்பு பொதுவாகக் குறைவு. அதனால் வாங்கும்போது மர நிறத்துக்கு முன்பாக இந்த எண்ணைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

உடன்வரும் சொற்கள் சில. ‘கிரில்’ என்பது முடைந்த படலைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழியாக வந்தது. அதற்குக் கிராதி, அழி என்ற சொற்கள் தமிழில் உண்டு. காற்றைக் கூட்டவும் குறைக்கவும் உள்ளே திருகும் இதழ்கள் கொண்டதை ஆங்கிலத்தில் ‘ரெஜிஸ்டர்’ என்பார்கள். அதைப் ‘பதிவேடு’ என்று பெயர்த்துவிடாமல் ‘இதழ்க் காற்றுவாய்’ என்றால் செயல் விளங்கும். அறையிலிருந்து காற்றைத் திரும்ப உறிஞ்சும் திறப்பு ‘மீள்காற்றுவாய்’. அதற்கும் நிரவு வகை உண்டு. அங்கே இதழ்கள் இரா.

எழுத்திலக்கணம் பற்றி ஒரு சொல். ‘நிரவு காற்றுவாய்’ என்பது வினைத்தொகை. நிரவிய, நிரவுகின்ற, நிரவும் என்ற மூன்று காலத்துக்கும் விரியும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது ஆகையால் ‘நிரவுக் காற்றுவாய்’ என்று எழுதுவது பிழை. ‘விளிம்புக் காற்றுவாய்’ பெயரோடு பெயர் சேர்ந்தது. அங்கே ‘க்’ வர வேண்டும். வரைபடக் குறிப்பில் இதனை இப்படி எழுதலாம்: ‘கூடத்தின் வெளிச்சுவர் ஓரம், சன்னலுக்குக் கீழே, தரைப்பலகையின் அதே மரத்தில் தரை நிரவு காற்றுவாய் இரண்டு, குழாய்த் திறப்பு 4-க்கு 10 அங்குலம், நீளப்பக்கம் பலகைப் போக்கில்.’