டுட்டுயிலா: மழைக்குக் குறைவில்லாத தீவில் குடிநீர் ஏன் கெடுகிறது?

தென் பசிபிக்கில் அமெரிக்க ஆட்சிப்பகுதியான அமெரிக்க சமோவாவின் முக்கியத் தீவு டுட்டுயிலா. விமான நிலையம் உள்ள தாழ்நிலத்திலேயே ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, மலைமுகடுகளில் 5,000 மி.மீ. தாண்டும். அப்படியும் தீவின் பல பகுதிகளில் ‘குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்’ என்ற அறிவிப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

சரிவு செங்குத்து, ஓடைகள் குட்டை. ஓடையில் வரும் வெள்ளம் சில மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடும். ஆகவே குடிநீருக்குப் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறுகள்தான், அதிலும் தஃபுனா–லியோனே சமவெளிக் கிணறுகள். அங்குள்ளது வயது குறைந்த எரிமலைப் பாறை. வெடிப்பும் பொத்தலும் நிறைந்தது. நன்றாக ஊறும், ஆனால் வடிகட்டாது. கனமழைக்குப் பின் கிணற்று நீர் கலங்கினால் பன்றிக்கொட்டில் கழிவும் கழிவுத்தொட்டிக் கசிவும் கூடவே வந்திருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது குளோரினை மட்டும் நம்பக் கூடாது. மண்துகள் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மறைவிடமும் தரும். தளதளவென்று கொதி வந்தபின் 1 நிமிடம் அடுப்பிலேயே விடுங்கள்.

உப்பு இன்னும் பொல்லாதது. கடலோரத்தில் நிலத்தடி நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு 1 மீட்டர் மேலே இருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். மட்டம் 10 செ.மீ. இறங்கி அப்படியே நின்றால் அடியில் உப்புநீர் 4 மீட்டர் வரை ஏறும். அதனால் தண்ணீர் குறைகிறதென்று போரை ஆழப்படுத்தவே கூடாது. உப்பை நோக்கித்தான் துளையிடுவீர்கள். உப்பிலுள்ள குளோரைடு லிட்டருக்கு 250 மி.கி. தாண்டினால் கரிப்பு நாக்கில் தெரியத் தொடங்கும். வெறும் 1.3 சதவீதம் கடல்நீர் கலந்தாலே அந்த அளவு வந்துவிடும். நாக்கில் படும்வரை காத்திராமல் வாரம் ஒருமுறை நீரின் மின்கடத்துதிறனை (உப்பு ஏற ஏற இதுவும் ஏறும்) அளந்து குறித்து வையுங்கள். எண் ஏறத் தொடங்கியதும் இறைப்பைக் குறையுங்கள். ஒரே கிணற்றில் பெரிய மோட்டாரைவிடத் தள்ளித் தள்ளிச் சில கிணறுகளில் சிறிய மோட்டார்கள் நல்லது. ஏறிவிட்ட உப்பு இறங்க மாதக்கணக்கில் ஆகலாம்.

வீட்டுக்குக் கூரை நீர் நல்ல துணை. 100 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை 100 லிட்டர். எலி எச்சமும் சருகும் கலந்த அந்த முதல் 100 லிட்டரைத் தனி டிரம்மில் விட்டு, பிறகே தொட்டிக்குத் திருப்புங்கள். டிரம்மின் அடியில் 2–3 மி.மீ. கசிவுத்துளை வேண்டும். பெரும்பாலும் கோளாறு இங்கேதான்: சருகு அடைத்துக்கொள்ளும், டிரம் காலியாகாது, அடுத்த மழையின் அழுக்கு நேராகத் தொட்டிக்குள் போகும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் துளையைக் குத்திவிடுங்கள். டெங்குக் கொசு புகாதபடி தொட்டி வாய்க்குச் சன்னமான வலை கட்டுங்கள். குடிக்க எடுக்கும்போது இந்த நீரையும் கொதிக்கவையுங்கள்.