ஈ.பி. என்றால் என்ன, தமிழில் எப்படிச் சொல்வது?

பெரிய இசை நிறுவனங்களைச் சாராத ஒரு இண்டி ராக் குழு கைக்காசைப் போட்டு முதன்முதலில் வெளியிடுவது பெரும்பாலும் ஈ.பி.தான். நாலைந்து பாட்டு இருக்கும். ஓரிரு பாட்டு மட்டும் வரும் சிங்கிளை விடப் பெரிது, ஆல்பத்தை விடச் சிறிது. விரித்துச் சொன்னால் எக்ஸ்டெண்டட் பிளே, அதாவது நீட்டித்த ஒலிப்பு. சின்னத் தொகுப்புக்கு ஏன் இப்படி ஒரு பெயர்?

1949இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் ஏழு அங்குல இசைத்தட்டைக் கொண்டுவந்தது, பக்கத்துக்கு ஒரு பாட்டுதான். 1952இல் அதே அளவுத் தட்டில் ஊசி ஓடும் வரிகளை நெருக்கி வெட்டி, பக்கத்துக்கு ஏழரை நிமிடம் வரை ஓடும்படி செய்தார்கள். சிங்கிளோடு ஒப்பிட்டால்தான் அது நீளம். நம் ஊரில் எச்.எம்.வி. வெளியிட்ட தமிழ் சினிமாப் பாட்டு ஈ.பி.க்களும் இதே வகைதான்.

இண்டி இசையில் இந்தச் சொல்லுக்குக் கனம் கூட்டியது மான்செஸ்டரின் பங்க் குழுவான பஸ்காக்ஸ். வீட்டாரிடமும் நண்பர்களிடமும் 500 பவுண்டு கடன் வாங்கி, 1976 டிசம்பர் 28 அன்று நான்கு பாட்டைப் பதிவு செய்து, நியூ ஹார்மோன்ஸ் என்று தாங்களே ஒரு லேபிள், அதாவது இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம் தொடங்கி, ஏறக்குறைய ஒரு மாதத்தில், 1977 ஜனவரி 29 அன்று வெளியிட்டுவிட்டார்கள். பெயர் ஸ்பைரல் ஸ்க்ராட்ச், சுருள் கீறல். இசைத்தட்டில் ஊசி ஓடும் அந்த வரிதான். அட்டையில் ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக், அதாவது எத்தனையாவது முறை பாடிப் பதிவு செய்தது என்றுகூட அச்சிட்டார்கள்: 'பிரேக்டவுன்' மூன்றாவது டேக், பிறகு மேலே சேர்த்த மேல்பதிவு எதுவும் இல்லை. தட்டு எப்படி உருவாகிறது என்பதை மறைக்காமல் இப்படிக் காட்டியதுதான் எனக்கு அந்த வெளியீட்டிலேயே மிகப் பிடித்தது, ஏனென்றால் அதைப் பார்க்கிற எந்தக் குழுவுக்கும் நாமும் செய்யலாம் என்று தோன்றும். முதலில் அடித்த 1000 பிரதிகளும் சீக்கிரமே தீர்ந்துபோயின.

சரி, தமிழில்? 'ஈ.பி.' என்று மட்டும் எழுதினால் தமிழ்நாட்டில் பலருக்கு மின்வாரியம்தான் நினைவுக்கு வரும். 'நீட்டித்த ஒலிப்பு' என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் இன்றைய பொருளே தலைகீழாகிவிடும். 'குறுந்தட்டு' என்று எழுதினால் சி.டி. என்று எடுத்துக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் குறுந்தொகுப்பு. குறுந்தொகை படித்த காதுக்கு அது உடனே பழகிவிடும். அங்கே குறுமை பாட்டின் அடியளவில், நான்கிலிருந்து எட்டு அடி. இங்கே குறுகியது தொகுப்பு. அந்த வித்தியாசம் இருந்தாலும் சொல் இடிக்கவில்லை. குழுவே வெளியிட்டது என்றால் 'சொந்த வெளியீட்டுக் குறுந்தொகுப்பு' என்று எழுதலாம். பழைய ஏழு அங்குலத் தட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஈ.பி. இசைத்தட்டு என்றே இருக்கட்டும், சேகரிப்பவர்களுக்கு அதுதான் புரியும்.