‘ரூம் இல்ல’ என்று ஆரம்பிக்காதீர்கள்

மதுரையில் எங்கள் ஹோட்டல். போன சனிக்கிழமை காலை 6.45. சென்னையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திறங்கிய குடும்பம். கூடவே ஒரு பாட்டி. மீனாட்சியம்மன் தரிசனத்துக்கு வந்தவர்கள், ஆன்லைனில் பணமும் கட்டியிருந்தார்கள். ரிசப்ஷன் பையன் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், “சாரி சார், ரூம் இல்ல. 12 மணிக்குத்தான் செக்-இன்” என்றான். “காசைக் கட்டிட்டு ரோட்டுல நிக்கணுமாடா?” என்று குடும்பத் தலைவர் கத்தினார். நான் உள்ளேயிருந்து வருவதற்குள் பாட்டி பையின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

இந்த மாதத்தில் இது நான்காவது சண்டை. நான்கும் அந்த ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கின.

கேட்டால், “சார்னுதானே மேடம் சொன்னேன், சாரியும் சொன்னேனே” என்கிறான். மரியாதை இந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது என்ற நினைப்பை எத்தனை ட்ரெயினிங் எடுத்தாலும் என்னால் மாற்ற முடியவில்லை. ஆங்கில வரவேற்பு மனப்பாடமாக வருகிறது. தமிழுக்கு மாறினால் “பேரு?”, “ஐடி?”, “எத்தனை பேரு?” என்று போலீஸ் ஸ்டேஷன் விசாரணை. வீட்டுக்கு யாராவது வந்தால் இதே பிள்ளைகள் “வாங்க, உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?” என்றுதான் கேட்பார்கள். யூனிஃபார்ம் மாட்டியதும் அந்தப் பேச்சு எங்கே போகிறது?

அன்றைக்கு இப்படிச் சொல்லியிருக்கலாம்: “வாங்க சார், ராத்திரி பூரா பஸ்ல வந்திருப்பீங்க. உங்க ரூம்ல ஆள் இருக்காங்க, 12 மணிக்குத்தான் காலி பண்றாங்க. பைகளை இங்கேயே வச்சுட்டு டோக்கன் வாங்கிக்கங்க. குளிக்க மாடியில பாத்ரூம் இருக்கு. கோயில்ல மதியம் 12.30க்கு நடை சாத்திருவாங்க, அதுக்குள்ள தரிசனத்தை முடிச்சிட்டு வந்துரலாம்.” இதிலும் ரூம் இல்லைதான். ஆனால் அடுத்து என்ன செய்வது என்று வந்தவருக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு அந்தப் பையனையே பாட்டிக்குக் காபி கொண்டுபோகச் சொன்னேன். குனிந்து, “சர்க்கரை போடலாமாங்க பாட்டி?” என்று கேட்டான். வருகிறதே!

பணியாளர்களுக்கு இன்னும் ஒன்று. ரூம் நம்பரை லாபியில் உரக்கச் சொல்லாதீர்கள். கீ-கார்டு உறையில் எழுதிக் காட்டுங்கள். தனியாக வந்த பெண்ணிடம் “கூட யாரும் வரலையா?” என்று கேட்கவே கூடாது.

தங்க வருகிறவர்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. ரிசப்ஷனில் ‘சொல்லுங்க’ என்கிறவர், மாடியேறியதும் ரூம் பாயை ‘டேய்’ என்கிறார். எங்கள் ஹவுஸ்கீப்பிங்கில் ஓர் அம்மா இருக்கிறார், வயது ஐம்பத்தைந்துக்கு மேல். மகன் வயதில் ஒருவர் கதவைத் திறந்து, “ஏய், இந்தா, டவல் எங்க?” என்றார். அந்த அம்மா டவலைக் கொடுத்துவிட்டுத் துணி ரூமில் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். “அக்கா, ஒரு டவல் குடுங்க” என்றால் போதும். தயவுசெய்து.

24 மணி நேரக் கணக்கில் ஓடும் லாட்ஜ்கள் நம் ஊரில் நிறைய. எந்த நேரம் போனாலும் அந்த நேரத்திலிருந்து நாள் கணக்காகும். 12 மணிக் கணக்குள்ள ஹோட்டலில் அப்படி இல்லை, எப்போது வந்தாலும் நாள் மதியம் 12க்குத்தான் தொடங்கும். புக் செய்யும்போதே இதைப் பாருங்கள். ஐடி கேட்பது உங்கள்மேல் சந்தேகப்பட்டு அல்ல, தங்குகிறவர்களைப் பதிவு செய்ய வேண்டியது எங்கள் கடமை. வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசுக்கே அனுப்பியாக வேண்டும். ஆதார் கொடுக்கத் தயக்கமா? கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். அதற்காக “என்னைப் பார்த்தா திருடன் மாதிரி இருக்கா?” என்று பையனிடம் பாயாதீர்கள்.

விடியற்காலையில் வந்து சேர்வீர்கள் என்றால் முந்தின நாள் மாலையே ஒரு போன் போடுங்கள். நைட் ஷிஃப்டுக்கு லாக் புக்கில் எழுதி வைத்துவிடுவோம். முதலில் எந்த ரூம் காலியாகிறதோ, அதை உங்களுக்காகச் சுத்தம் செய்யச் சொல்லலாம்.