ஒரு மெசேஜ் மூன்று செயலிகளைக் கடந்து போவது எப்படி?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் சரக்கு அனுப்பும் ஒரு சின்ன நிறுவனத்தில் கணினி வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்துக்குள் பேச மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் என்ற அரட்டைச் செயலி. எங்களுக்கு மென்பொருள் எழுதித் தரும் சென்னைக் குழு ஸ்லாக் என்ற இன்னோர் அரட்டைச் செயலியில் இருக்கிறது. லோரி ஓட்டுநர்களும் வாடிக்கையாளர்களும் வாட்ஸ்அப்பை விட்டு நகர மாட்டார்கள், நகரச் சொல்வதும் நியாயமில்லை. ஆக, ஒரு கண்டெய்னரைப் பற்றிய ஒரே பேச்சு மூன்று இடங்களில் நடக்கும். ரொம்ப நாள் வரைக்கும் அந்த மூன்றையும் இணைத்தவர் எங்கள் அலுவலகத்து அக்காதான். ஒரு கையில் ஃபோன், எதிரே திரை, இங்கே பார்த்து அங்கே தட்டுவார்.

ஒருநாள் கண்டெய்னர் எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. லோரி துறைமுக வாசலில் இரண்டு மணி நேரம் நின்றது. "தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை நம்பர்தான் நான் பாத்துப் பாத்து அடிக்கிறது?" என்று அக்கா கேட்டார். கண்டெய்னர் எண்ணில் நான்கு ஆங்கில எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் சரிபார்ப்புக்கென்று ஓர் இலக்கம், மொத்தம் 11. அந்தக் கடைசி இலக்கம் முன்னால் இருக்கும் பத்தையும் வைத்துக் கணக்கிட்டு வருவது என்பதால், தப்பாக அடித்த எண்ணைக் கணினி பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் அரட்டையில் அடிக்கிற எண்ணை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. அன்றுதான் இந்த மூன்று செயலிகளையும் ஒழுங்காக இணைத்தே ஆகவேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் எழும் கேள்வி, இவை தாமாகவே ஏன் பேசிக்கொள்வதில்லை? மேக்சிஸ் எண்ணிலிருந்து செல்காம்டிஜி எண்ணை அழைத்தால் மணி அடிக்கிறது. எந்த நிறுவனத்து மின்னஞ்சலும் எந்த நிறுவனத்துக்கும் போய்ச் சேருகிறது, ஏனென்றால் எஸ்எம்டிபி என்ற பொது விதி 1982-இலேயே எழுதப்பட்டது, அது யாருடைய தனிச் சொத்தும் கிடையாது. அரட்டைக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. 1988-இல் பின்லாந்தில் யார்க்கோ ஒய்காரினென் உருவாக்கிய ஐஆர்சி திறந்த விதிதான். 1999-இல் ஜெரமி மில்லர் வெளியிட்ட ஜாபர், பிறகு எக்ஸ்எம்பிபி என்ற பெயரில் 2004-இல் இணையத் தரமாக வந்தது, மின்னஞ்சல் போலவே யாரும் சொந்த சர்வர் வைத்து அடுத்தவர் சர்வரோடு பேசலாம். கூகுளின் பழைய அரட்டைச் செயலி கூகுள் டாக்கூட 2006-இல் அந்தக் கதவைத் திறந்து வைத்தது. 2013-இல் அதன் இடத்துக்கு ஹேங்கவுட்ஸ் வந்ததும் கதவு சாத்தத் தொடங்கியது. ஸ்லாக்கும் ஆரம்பத்தில் ஐஆர்சி, எக்ஸ்எம்பிபி வழியாக உள்ளே வர இடம் கொடுத்திருந்து 2018 மே மாதம் அதை மூடியது. திரி (ஒரு மெசேஜின் கீழேயே தனியாகப் பேசுவது), இமோஜி எதிர்வினை மாதிரியான புது வசதிகள் பழைய விதிக்குள் அடங்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். அதில் உண்மை இருக்கிறது. வாடிக்கையாளர் தங்கள் மதிலுக்குள்ளேயே இருந்தால் நிறுவனத்துக்கு நல்லது என்பதும் உண்மைதான்.

கதவு சாத்தியிருப்பதால் நடுவில் நாமே ஒன்றை வைக்க வேண்டியிருக்கிறது. அதற்கு இந்தத் தொழிலில் பிரிட்ஜ் என்று பெயர், பாலம். பினாங்குப் பாலத்தை வாரத்தில் பல நாள் கடக்கிறவன் என்பதால் சொல்கிறேன், அந்தப் பெயர் கொஞ்சம் ஏமாற்றும். பாலத்தில் ஏறின கார் அதே காராகத்தான் அந்தப் பக்கம் இறங்கும். அரட்டைப் பாலத்தில் அப்படி எதுவும் கடந்து போவதில்லை. கப்பலில் வந்த மூட்டையை இறக்கி, பிரித்து, லோரிக்குத் தகுந்தபடி வேறு கட்டாகக் கட்டி ஏற்றுகிற வேலை அது. மெசேஜ் இந்தப் பக்கம் நிற்கிறது, அந்தப் பக்கம் அதைப் பார்த்து இன்னொரு மெசேஜ் புதிதாகப் பிறக்கிறது. மிச்சச் சிக்கல் எல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

புது மெசேஜ் வந்தது பாலத்துக்கு எப்படித் தெரியும்? ஐந்து விநாடிக்கு ஒருமுறை போய் "வந்துச்சா, வந்துச்சா" என்று கேட்கலாம், ஆனால் அது வீண் அலைச்சல். அதற்குப் பதிலாக, நம் சர்வரின் முகவரி ஒன்றைச் செயலியிடம் கொடுத்துவைத்தால், மெசேஜ் வந்த கையோடு அதுவே நம்மைத் தட்டிச் சொல்லும். இதுதான் வெப்ஹுக். அந்த முகவரி இணையத்தில் திறந்து கிடப்பதால் யார் வேண்டுமானாலும் பொய்த் தகவல் அனுப்பலாம். அதனால் ஸ்லாக் ஒவ்வொரு தகவலோடும், நமக்கும் அதற்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சொல்லை வைத்துக் கணக்கிட்ட கையொப்பம் ஒன்றைச் சேர்த்து அனுப்பும். நாமும் அதே கணக்கைப் போட்டு, ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் பழசாக இருந்தால் தள்ளிவிடவும் வேண்டும், நேற்றுப் பிடித்து வைத்த தகவலை இன்று யாராவது திரும்ப அனுப்பலாம் இல்லையா.

நான் முதலில் சறுக்கிய இடம் இங்கேதான். ஸ்லாக் தட்டினால் மூன்று விநாடிக்குள் "கிடைத்தது" என்று பதில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் போய்ச் சேரவில்லை என்று நினைத்து அதே தகவலை மேலும் மூன்று முறை வரை அனுப்பும். என் பாலம் மெசேஜை வாங்கி, டீம்ஸுக்குத் தகுந்த வடிவத்துக்கு மாற்றி, டீம்ஸுக்கு அனுப்பி முடித்த பிறகுதான் பதில் சொன்னது. இணையம் மெதுவான நாளில் ஒரே மெசேஜ் டீம்ஸில் இரண்டு மூன்று முறை வந்து விழுந்தது. இப்போது தகவல் வந்தவுடன் அதை வரிசையில் போட்டுவிட்டுக் கிடைத்தது என்று சொல்லிவிடும், வேலை அப்புறம். ஒவ்வொரு தகவலோடும் வரும் அடையாள எண்ணை ஏற்கெனவே பார்த்திருக்கிறோமா என்றும் சரிபார்க்கும்.

சரி, மெசேஜ் அந்தப் பக்கம் பிறந்துவிட்டது. அடுத்த நிமிடமே எழுதியவர் அதைத் திருத்துகிறார், 40 அடி என்பதை 20 அடி என்று மாற்றுகிறார். அந்தப் பக்கம் எதைத் திருத்துவது? பாலத்துக்கு இருக்க வேண்டிய மிக முக்கியமான உறுப்பு ஞாபகம் என்று நான் சொல்வது இதனால்தான். ஸ்லாக்கில் ஒரு மெசேஜின் அடையாளம் என்பது அது பிறந்த நேரமே, பத்து இலக்க விநாடியும் புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கமும். டீம்ஸில் 13 இலக்கம். வாட்ஸ்அப்பில் ஒரு நீளமான எழுத்துச் சரம். இன்ன ஸ்லாக் மெசேஜ்தான் இன்ன டீம்ஸ் மெசேஜ், அதுதான் இன்ன வாட்ஸ்அப் மெசேஜ் என்று ஒரு பதிவேடு எழுதிக்கொண்டே வர வேண்டும். திருத்தம், நீக்கம், பதில், கட்டைவிரல் எதிர்வினை எல்லாமே இந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் உரிய இடத்துக்குப் போகும். பதிவேடு அழிந்தால் பாலம் அன்றிலிருந்து மறதிக்காரன். புது மெசேஜை மட்டும் கடத்தும், பழையதைத் தொட முடியாது.

பதிவேடு இருந்தாலும் எல்லாம் பொருந்தாது. ஸ்லாக்கில் ஒரு மெசேஜின் கீழ் தனித் திரியாகப் பேசலாம், வாட்ஸ்அப்பில் மேற்கோள் காட்டிப் பதில் சொல்லலாம், அவ்வளவுதான். ஐம்பது பதில் உள்ள ஒரு திரியை வாட்ஸ்அப்பில் இறக்கினால் ஓட்டுநர் அண்ணனுக்குத் தலை சுற்றும். அதனால் திரியின் முதல் மெசேஜையும் முடிவையும் மட்டும் அனுப்பும்படி வைத்தேன்.

பெயர் இன்னொரு சிக்கல். அந்தப் பக்கம் மெசேஜைப் போடுவது பாலத்தின் போட், அதாவது தானாக இயங்கும் நிரல், மனிதர் இல்லை. ஒன்றும் செய்யாமல் விட்டால் எல்லாரும் ஒரே பெயரில் பேசுகிற மாதிரி தெரியும். மேட்ரிக்ஸ் என்ற திறந்த விதி (2014-இல் வந்தது) இதற்கு அழகான ஒரு வழி வைத்திருக்கிறது, வெளியே இருக்கும் ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு நிழல் கணக்கு உண்டாக்கி, அவர் பெயரிலேயே, அவர் படத்தோடேயே பேச வைக்கும். இப்படி வசதி இல்லாத செயலிகளில் மெசேஜுக்கு முன்னால் பெயரை ஒட்டித்தான் சமாளிக்க வேண்டும். யாரையாவது பெயர் சொல்லி அழைத்தால், ஸ்லாக் நமக்கு அனுப்புவது ஒரு குறியீடுதான், பெயர் வராது. அந்தக் குறியீட்டுக்கு உரியவர் யார், அவருக்கு டீம்ஸில் என்ன கணக்கு என்று இன்னொரு பதிவேடு வேண்டும்.

நம் மொழியில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வரும் ஒரு தொல்லையும் இருக்கிறது, இதை ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கிறவர்கள் கவனிப்பதே இல்லை. 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது ஐந்து குறிகள், த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், ஆக 15 பைட். ஸ்லாக் ஒரு மெசேஜில் 40,000 குறி வரை வாங்கும், வாட்ஸ்அப்பின் வணிக வழி 4,096 வரைதான். நீளமான அறிக்கையை வெட்டித்தானே அனுப்ப வேண்டும்? குருட்டுத்தனமாக வெட்டினால் 'கோ' நடுவில் உடைந்து, ஒரு மெசேஜ் 'க' என்று முடியும், அடுத்தது துணை இல்லாத ஓகாரக் குறியோடு, புள்ளி வட்டம் ஒன்றைக் கட்டிக்கொண்டு தொடங்கும். பைட் கணக்கில் வெட்டினால் இன்னும் மோசம், வெட்டிய இடத்தில் கேள்விக்குறிகளும் கட்டங்களும்தான் மிஞ்சும். எழுத்து முடிகிற இடமாகப் பார்த்து, முடிந்தால் சொல் முடிகிற இடமாகப் பார்த்து வெட்ட வேண்டும்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை சாயந்தரம். சென்னைக் குழுவும் தங்கள் பக்கம் ஒரு பாலத்தைச் சோதித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. என் பாலம் தன்னுடைய போட் போட்ட மெசேஜைத் திரும்பக் கடத்தாது, அவர்களுடையதும் அப்படியே. ஆனால் ஒன்றுக்கு மற்றது மனிதராகத் தெரிந்தது. "சீல் நம்பர் வந்தாச்சா" என்று யாரோ கேட்ட ஒரு வரியை என் பாலம் அங்கே கொண்டுபோக, அவர்கள் பாலம் இங்கே கொண்டுவர, என் பாலம் மறுபடி கொண்டுபோக, நிற்காமல் சுற்றியது. ஒரு சேனலில் (ஸ்லாக்கில் குழுப் பேச்சு நடக்கும் அறை) விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மெசேஜ்தான் போடலாம் என்று ஸ்லாக் வைத்திருக்கும் வரம்பு மட்டும் இல்லையென்றால் இன்னும் வேகமாக நிரம்பியிருக்கும். பத்து நிமிடத்தில் நூற்றுக்கணக்கில் அதே கேள்வி. அதிலிருந்து, கடத்துகிற ஒவ்வொரு மெசேஜிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளம் வைக்கிறோம், இது எங்கே பிறந்தது என்று. போட் போட்டது எதுவானாலும் கடத்தாதே என்பதும் விதி.

இரண்டு நிறுவனமும் ஸ்லாக்கிலேயே இருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். 2020-இல் வந்த ஸ்லாக் கனெக்ட் ஒரே சேனலை இரு பக்கமும் பகிர விடுகிறது. டீம்ஸிலும் விருந்தாளிக் கணக்கு உண்டு. இந்த வழி கிடைக்கிறவர்கள் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், சொந்தப் பாலம் கட்ட ஆசைப்பட வேண்டாம். வாட்ஸ்அப்புக்கு மெட்டா தரும் அதிகாரபூர்வ வழியில், வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரைதான் நாம் சுதந்திரமாகப் பதில் எழுதலாம், அதற்கு மேல் முன்பே எழுதி அனுமதி பெற்ற வார்ப்பு மெசேஜ் மட்டும். இதைத் தாண்ட, வாட்ஸ்அப் வெப்பில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பது போல நடிக்கும் கருவிகள் கிடைக்கின்றன. தொடாதீர்கள். எண்ணே முடக்கப்படலாம், பல வருடமாக வாடிக்கையாளர் கையில் இருக்கும் எண்ணை இழந்தால் திரும்பக் கட்டுவது எளிதில்லை.

இதுவரை சொன்னது எல்லாம் பொறியியல். என்னை உண்மையில் தூங்கவிடாதது வேறு விஷயம். பாலம் எல்லாவற்றையும் படிக்கிறது. படிக்காமல் மூட்டையைப் பிரித்துக் கட்ட முடியாது. வாட்ஸ்அப் 2016-இலிருந்து அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுகிறது, ஆனால் மெசேஜ் பாலத்துக்கு வந்த இடத்தில் அந்தப் பூட்டு திறந்தாக வேண்டும். 1870–71-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி போட்டார்கள். அந்தக் காலத்துத் தந்தி நிலையங்களில் எழுத்தர் சமிக்ஞையைப் படித்து, எழுதி, அடுத்த கம்பியில் தாமே திரும்ப அடிப்பார். வணிகர்கள் சங்கேதச் சொற்களில் தந்தி கொடுத்ததற்குச் செலவு ஒரு காரணம், நடுவில் ஒருவர் படிக்கிறார் என்பது இன்னொரு காரணம். இன்று மாதச் சந்தா வாங்கிக்கொண்டு எல்லாச் செயலியையும் இணைத்துத் தருவதாகச் சொல்லும் சேவை எதுவானாலும் அந்த எழுத்தரின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது. யாரை அங்கே உட்கார வைக்கிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, எந்தச் செயலியை இணைப்பது என்று அப்புறம் யோசியுங்கள்.

பூட்டைத் திறக்காமலே கடத்த வழி தேடுகிறார்கள். குழு உரையாடலைப் பூட்டுவதற்கான எம்எல்எஸ் என்ற விதி 2023 ஜூலையில் இணையத் தரமாக வெளியானது, வெவ்வேறு செயலிகள் அதையே பேசினால் நடுவில் யாரும் பிரிக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் வாட்ஸ்அப்பையும் மெசஞ்சரையும் மற்றச் செயலிகளுக்குக் கதவு திறக்கச் சொல்கிறது. அது அங்கே உள்ள சட்டம், மலேசியாவுக்கு வராது.

நமக்கு இருப்பது 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2024 திருத்தத்துக்குப் பிறகு, 2025 ஜூன் 1 முதல், பெரிய பாதிப்பு வரும்படி தரவு கசிந்தால், தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் படம் வாட்ஸ்அப்பில் வந்து, பாலம் வழியாக டீம்ஸுக்கும் ஸ்லாக்குக்கும் போய், மூன்று இடத்தில் மூன்று பிரதியாகக் கிடந்தால் அது மூன்று மடங்கு பொறுப்பு. எங்கள் பாலத்தில் இப்போது படங்கள் ஸ்லாக் பக்கம் போவதே இல்லை. மெசேஜின் உள்ளடக்கம் எங்கேயும் பதிவாவதில்லை, அடையாள எண்கள் மட்டும் 90 நாள் இருக்கும்.

உள்ளே பேசுவது வெளியே போகாதபடியும் பார்த்துக்கொண்டோம். "இந்த ஆள் போன மாதக் காசே இன்னும் கட்டல" என்று அலுவலகத்துக்குள் ஒருவர் எழுதியது அந்த ஆளின் வாட்ஸ்அப்பிலேயே போய் நின்றால் என்ன ஆகும்? அதனால் வெளியிலிருந்து வருவது எல்லாம் டீம்ஸுக்கு வரும், டீம்ஸில் எழுதுவது எதுவும் தானாக வெளியே போகாது. போக வேண்டிய மெசேஜை ஒருவர் தேர்ந்தெடுத்து, யாருக்குப் போகிறது என்று திரையில் பார்த்து, அனுப்பு என்று அழுத்த வேண்டும். அந்தப் பொத்தானை அழுத்துகிறவர் எங்கள் அக்காதான். கண்டெய்னர் எண் இருந்தால் கடைசி இலக்கத்தைப் பாலமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடும், தப்பாக இருந்தால் சிவப்பாகக் காட்டும். போன வாரம் இரண்டு முறை சிவந்தது.